மால்டா வரைக்கும் ஒரு டவுன் பஸ்!

தலைப்பைப் பார்த்துட்டு 'இவனுக்கு ஜியாகிரபியில அரியர் போல'ன்னு முடிவு கட்டிடாதீங்க. மேட்டர் இருக்கு. பொறுமையா பஸ்ல ஏறுங்க. ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்!

முதல்ல ஒரு குட்டி ஜி.கே. மால்டான்னா என்ன? எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன். ''பால்ல கலக்கிக் குடிப்பாங்களே, அந்தப் பவுடரா மச்சி?'' என்றான் ஒருத்தன். ''டெல்லி பக்கம் விக்கிற ஆரஞ்சு மாதிரி பழம்டா'' என்றாள் இன்னொருத்தி. தப்பு பாஸ். மால்டா ஒரு நாடு! மத்தியதரைக் கடல் நடுவுல, இத்தாலியோட சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர்ல இருக்கிற தீவுக்கூட்டம். மால்டா, கோசோ, கொமினோ மூணும் சேர்ந்து மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்.

சின்னதா இருக்கேன்னு தோணுதா? நம்ம சென்னை மாநகராட்சி 2011-ல் விரிவாக்கம் ஆன பிறகு 426 சதுர கிலோமீட்டர். அதாவது, ஒரு முழு நாட்டைத் தூக்கிட்டு வந்து சென்னைக்குள்ள வெச்சாலும், மிச்ச இடத்துல கிரிக்கெட் ஆடலாம்!

இந்த மால்டாவுல என் பெரியம்மா பொண்ணு வேலை பார்க்கிறா. மந்தைவெளிப் பொண்ணு. நர்ஸிங் முடிச்சு, ஏஜென்ட்டுக்குக் கட்ட லோன் போட்டு, அங்கே முதியோர் இல்லம் ஒண்ணுல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. தனி ஆள்னு நினைச்சுடாதீங்க. 2021-ல் அங்கே எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி, மால்டாவில் வாழும் வெளிநாட்டுக்காரங்கள்ல இத்தாலி, பிரிட்டன் ஆட்களுக்கு அடுத்து மூணாவது இடம் நம்ம இந்தியர்களுக்குத்தான்!

''லீவுக்கு இங்க வாடா, சுத்திக் காட்டறேன்''னு அக்கா கூப்பிட்டதும் தலைகால் புரியலை. 'பிளான்' போட உட்கார்ந்தேன். மால்டா 2007 டிசம்பர்லயே ஷெங்கன் கூட்டணியில சேர்ந்துடுச்சு. அதனால ஷெங்கன் விசா வேணும். கட்டணமே 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் கவரேஜ் இருக்கிற டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். சென்னையிலிருந்து நேரடி ஃப்ளைட் கிடையாது, எங்காவது இறங்கி மாறணும். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட். என் அக்கவுன்ட்ல அன்னிக்கு இருந்தது 612 ரூபாய். அப்பாவோடதைக் கேட்டேன். ''அடுத்த செமஸ்டர் ஃபீஸ் யாருடா கட்டறது, மால்டா அரசாங்கமா?'' என்றார். ட்ரிப் கேன்சல்!

அன்னிக்கு ராத்திரி அக்காகிட்ட புலம்பினேன். ''சரி விடு, அங்க பார்க்க என்னென்ன இருக்குன்னாவது சொல்லு''ன்னு கேட்டேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''எனக்கு எங்கடா தெரியும்? டூட்டி, ரூம், டூட்டி. ரூம்ல நாலு பேர். வாடகை ஏறிக்கிட்டே இருக்கு. லீவ் நாள்ல ஓவர்டைம் குடுத்தா அதையும் வாங்கிக்கறேன். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன், பார்க்க வரலை.''

அப்புறம் அவளே சிரிச்சுக்கிட்டு ஒரு பந்தயம் வெச்சா. ''பிப்ரவரி 10 இங்க அரசு விடுமுறை. எனக்கும் லீவ் கெடைச்சிருக்கு. அன்னிக்கு ஒரு நாள் நான் இங்க டூரிஸ்ட்டா சுத்தறேன். நீ அங்க டூரிஸ்ட்டா சுத்து. மைலாப்பூர், அடையாறுன்னு நம்ம ஏரியாதான். ஆனா மொத தடவை பார்க்கிற மாதிரி பார்க்கணும். ராத்திரி கணக்கு பார்ப்போம்.''

'நம்ம ஏரியாவுல என்ன இருக்கு'ன்னு நானும் நினைச்சேன். நீங்களும் அதைத்தானே நினைக்கிறீங்க?

காலை 8 மணி: கிளம்பியாச்சு!

மால்டாவுக்கும் நமக்கும் பிப்ரவரியில நாலரை மணி நேர வித்தியாசம். நான் தி.நகர்ல கிளம்பும்போது அக்காவுக்கு விடிகாலை மூணரை. தூங்கட்டும்.

டூரிஸ்ட் கெட்டப்புல தொப்பி, தண்ணி பாட்டில், தோள்ல பை. பனகல் பார்க் பக்கத்துல தினமும் நான் பார்க்கிற இளநீர்க்காரர் ஏற இறங்கப் பார்த்தார். ''தம்பி, ஊருக்கா?'' ''ஆமாண்ணே... மைலாப்பூர்!''

பஸ்ஸில் லஸ் வந்து இறங்கினேன். மெட்ரோ வேலைக்கான தடுப்புகளைச் சுத்திக்கிட்டு நடந்தா, உள்ளே அமைதியா நிக்குது லஸ் சர்ச். எத்தனை தடவை இந்த வழியா டியூஷனுக்குப் போயிருப்பேன்? ஒரு நாளும் உள்ளே நுழைஞ்சதில்லை. 1516-ன்னு வருஷம் பொறிச்ச கல்வெட்டு இருக்கு. ஜார்ஜ் கோட்டையெல்லாம் அப்புறம்தான் பாஸ், இங்கிலீஷ்காரன் மெட்ராஸுக்கு வந்ததே 1639-ல்! சுத்தியும் மரங்களா இருந்ததால மக்கள் இதுக்கு வெச்ச பேர் 'காட்டுக் கோயில்'.

இந்தச் சர்ச்சுக்கு ஒரு கதை சொல்றாங்க. போர்ச்சுக்கீசிய மாலுமிகள் சிலர் கடல்ல திசை தெரியாம தத்தளிச்சாங்களாம். கரையில ஒரு வெளிச்சம் தெரிஞ்சதாம். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்து கரை சேர்ந்து, வெளிச்சம் மறைஞ்ச இடத்துல இந்தச் சர்ச்சைக் கட்டினாங்களாம். 'லஸ்'னா போர்ச்சுக்கீசிய மொழியில வெளிச்சம்!

இதை அப்படியே மனசுல வெச்சுக்கங்க. மதியம் அக்கா சொன்ன கதையில இது வேலைக்கு ஆகும்.

தெப்பக்குளமும் ஒரு ரோஸ் மில்க்கும்

அடுத்த ஸ்டாப் கபாலீஸ்வரர் கோயில் குளம். படிக்கட்டுல உட்கார்ந்தேன். அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்துல நசுங்கியிருக்கேனே தவிர, சும்மா உட்கார்ந்து குளத்தைப் பார்த்தது கிடையாது. கோபுரம் தண்ணியில தலைகீழா ஆடிச்சு.

இந்தக் கோயில் முதல்ல கடலோரத்துல இருந்ததாகவும், போர்ச்சுக்கீசியர் காலத்துல அழிஞ்சதாகவும், பிறகுதான் இப்போ இருக்கிற இடத்துல எழும்பினதாகவும் சொல்றாங்க. சம்பந்தர் மயிலைப் பதிகத்துல மாசி மாசக் கடலாட்டு விழாவைப் பத்திப் பாடியிருக்கார். அப்படின்னா, ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடியே மயிலாப்பூரும் கடலும் அவ்வளவு நெருக்கம்!

இன்னொரு விஷயம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த தாலமிங்கிற அறிஞர், அன்னிக்குத் தெரிஞ்ச உலகத்தைப் பூரா ஒரு புத்தகத்துல எழுதி வெச்சார். அதுல 'மலியார்ஃபா'ன்னு ஒரு துறைமுகம் வருது. அது மயிலாப்பூர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதே புத்தகத்துல 'மெலிட்டே'ன்னு ஒரு தீவு. அது மால்டா! நானும் அக்காவும் இருக்கிற ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட 1,850 வருஷத்துக்கு முன்னாடியே ஒரே புத்தகத்துல இருக்கு மக்கா! அந்த சந்தோஷத்தைக் கொண்டாட காளத்தி கடையில ஒரு ரோஸ் மில்க் அடிச்சேன்.

ஒரு கோட்டை இருந்ததாமே!

கச்சேரி ரோட்டைப் பிடிச்சு நேரா நடந்தா சாந்தோம். வெள்ளை வெளேர்னு நிக்கிற இப்போதைய தேவாலயம் 1896-ல் கட்டி முடிச்சது. இயேசுவோட சீடர் புனித தோமையாரின் கல்லறை மேல இது எழும்பியிருக்குன்னு நம்பிக்கை. கல்லறைக்குக் கீழே இறங்கிப் போகலாம். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. சத்தமே இல்லை. மேலே ரோட்டுல பஸ் ஹாரன் அடிக்கிறது வேற ஊர்ல அடிக்கிற மாதிரி கேட்டுச்சு.

16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுக்கீசியர் இங்கே வந்து குடியேறி, சர்ச் கட்டி, ஊரைச் சுத்திக் கோட்டையே கட்டினாங்க. 1672-ல் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க. ரெண்டு வருஷ முற்றுகைக்கு அப்புறம் 1674-ல் விட்டுட்டுப் போனாங்க. பிறகு அந்தக் கோட்டைச் சுவர்களை இடிச்சுத் தள்ளிட்டாங்க. இப்போ தேடினா ஒண்ணும் கண்ணுல படாது. நான் சிவில் மூணாம் வருஷம். ஒரு கோட்டையோட அஸ்திவாரம் மேல இத்தனை வருஷமா ஷேர் ஆட்டோவுல போயிருக்கேன்!

கோட்டை போனாலும் போர்ச்சுக்கீசியர் நம்மகிட்ட சிலதை விட்டுட்டுப் போயிருக்காங்க. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை... இந்த வார்த்தையெல்லாம் அவங்க மொழியிலிருந்து வந்ததுதான். காலையில உங்களுக்கு ஜன்னல் சீட் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?

'வாங்க வந்தியா, போட்டோ எடுக்க வந்தியா?'

பன்னிரண்டு மணி. லூப் ரோடு. நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட். டூரிஸ்ட்டாச்சே... மொபைலை எடுத்து வஞ்சிரம், கொடுவா, நண்டுன்னு கிளிக்கித் தள்ளினேன். மீன் வித்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, கத்தியை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க.

''இன்னா தம்பி... வாங்க வந்தியா, போட்டோ எடுக்க வந்தியா?''

அசடு வழிஞ்சேன். ''சும்மா... சுத்திப் பார்க்க வந்தேன்மா.''

''எந்த ஊரு?''

''தி.நகர்.''

அவங்க பக்கத்துக் கடை அம்மாகிட்ட திரும்பி, ''பாருடி, தியாகராய நகர்லேர்ந்து டூரு வந்துக்கீது''ன்னு சொல்ல, வரிசையே சிரிச்சுது. நானும்தான்.

அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க. முன்னாடி ரோட்டோரமாவே கடை போட்டுக்கிட்டிருந்தாங்க. டிராஃபிக்குக்கு இடைஞ்சல்னு வழக்கு வந்து, 2023 ஏப்ரல்ல கடைகளை எடுத்தப்போ குப்பத்து மக்கள் ரோட்டுல உட்கார்ந்து போராடினாங்க. 2024-ல் இந்தப் புது மார்க்கெட் திறந்தாங்க. ''கார்ல போறவங்களுக்கு இது ரோடு. எங்களுக்கு இதான் வாசல்''னு சொன்னாங்க. நான் மொபைலைப் பையில போட்டேன். அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். சுத்தம் பண்ணி, கறுப்புக் கவர்ல கட்டிக் குடுத்தாங்க.

சரியா அப்போ அக்கா வீடியோ கால். மால்டாவுல காலை எட்டு மணி.

படகுக்குக் கண் உண்டு!

அக்கா ஸ்லீமாவிலிருந்து தலைநகர் வலெட்டாவுக்குப் போற ஃபெர்ரியில நின்னா. முடி காத்துல பறக்குது. குளிருக்கு ஸ்வெட்டர். பின்னாடி தேன் கலர்ல கல் சுவரா எழும்புது வலெட்டா. ''ரெண்டு வருஷமா கரையிலேர்ந்தே பார்த்திருக்கேன்டா. பத்து நிமிஷம்தான் ஆகுது, தெரியுமா?''

வலெட்டா நகரம் மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1565-ல் துருக்கியர்கள் மால்டாவை முற்றுகை போட்டப்போ, அங்கே ஆட்சியில இருந்த புனித ஜான் சபை வீரர்கள் தாக்குப்பிடிச்சாங்க. அடுத்த வருஷமே அவங்க தலைவர் ழான் தெ வலெட் இந்தக் கோட்டை நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அது இன்னிக்கும் அப்படியே நிக்குது. 1980-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. அவங்க கோட்டையும் நம்ம சாந்தோம் கோட்டையும் ஒரே நூற்றாண்டு சமாச்சாரம். ஒண்ணைப் பார்க்க ஃபெர்ரி விடறாங்க. இன்னொண்ணு மேல ஷேர் ஆட்டோ ஓடுது!

''பிப்ரவரி 10 எதுக்கு லீவ்னு விசாரிச்சியா?''ன்னு கேட்டேன்.

''விசாரிக்காம? புனித பவுல் வந்த கப்பல் புயல்ல உடைஞ்சு இந்தத் தீவுல கரை ஒதுங்கின நாள். கி.பி. 60-ன்னு சொல்றாங்க. இன்னிக்கு சாயங்காலம் அவர் சிலையைத் தெருத் தெருவா தூக்கிட்டு வருவாங்க.''

பாருங்க மக்கா... அங்கே பவுல், இங்கே தோமையார். அங்கே புயல்ல உடைஞ்ச கப்பல், இங்கே வெளிச்சம் பார்த்துக் கரை சேர்ந்த கப்பல். அங்கே சர்ச்சுல பவுலோட மணிக்கட்டு எலும்புன்னு ஒண்ணைப் பாதுகாக்கிறாங்க. சாந்தோம்ல தோமையாரோட எலும்புத் துண்டுன்னு ஒண்ணு. கடலோர ஊர்கள் எல்லாத்துக்கும் ஒரே கதாசிரியர்தானோ?

நான் கேமராவைத் திருப்பி மீன்பிடிப் படகுகளைக் காட்டினேன். ''இங்கயும் இருக்குடா. மார்சஷ்லோக்னு ஒரு மீனவ ஊர். லுட்ஸுன்னு படகு. நீலம், மஞ்சள், சிவப்புன்னு பெயின்ட் அடிச்சு, முன்பக்கம் ரெண்டு கண்ணு வரைஞ்சிருப்பாங்க. கடல்ல வழி பார்க்க. எங்க இல்லத்துல ஒரு தாத்தா மீனவரா இருந்தவர். அவர்தான் சொல்வார்.''

''நீ போய்ப் பார்த்ததில்லையா?''

''அவர் சொல்லிக் கேட்டதே பார்த்த மாதிரிதான்.''

'மால்டா எந்தப் பக்கம்?'

சங்கரா மீனோட மந்தைவெளி போனா, பெரியம்மாவுக்கு ஒரே குஷி. குழம்பு கொதிக்கிற நேரத்துல மொபைல்ல மேப் காட்டினேன். ''மால்டா எந்தப் பக்கம்டா?'' விரலால பெரிசாக்கி, பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கினதும் ஒரு புள்ளி வந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. ''இத்துனூண்டு ஊர்ல எம்பொண்ணு எப்படித் தொலைஞ்சு போவா? போகமாட்டா''ன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

''அங்க தண்ணிக் கஷ்டம் உண்டா?''ன்னு அடுத்த கேள்வி. இருக்காதா பின்னே! 2019 கோடையில ஏரியெல்லாம் வத்தி, இந்தத் தெருவே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னுச்சே. அப்போ லாரி வர்ற சத்தம் கேட்டா முதல்ல ஓடறது அக்காதான்.

இந்த சப்ஜெக்ட் நமக்கு அத்துப்படி. மால்டாவுல வருஷம் பூரா ஓடற ஆறே கிடையாது. 1982-லேயே கடல்நீரைக் குடிநீராக்கற ஆலை கட்டினாங்க. இன்னிக்கு அங்கே குழாய்ல வர்றதுல பாதிக்கும் மேல கடல் தண்ணிதான். கடல்நீரை அதிக அழுத்தத்துல ஒரு மெல்லிய சவ்வு வழியா தள்ளுவாங்க. தண்ணி அந்தப் பக்கம் போயிடும், உப்பு இந்தப் பக்கமே நின்னுடும். நம்ம நெம்மேலியிலயும் இதே டெக்னிக்தான். 2013-ல் நாளைக்கு 10 கோடி லிட்டர்னு ஆரம்பிச்சு, 2024-ல் இன்னும் 15 கோடி லிட்டருக்கு ரெண்டாவது ஆலை. தென் சென்னையில பல வீட்டுக்கு அந்தத் தண்ணிதான் வருது. ''அப்ப அவ அங்க கடலைக் குடிக்கறா, நாம இங்க கடலைக் குடிக்கறோம்''னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க பெரியம்மா. என் புரொபசர் இதை மூணு கிளாஸ் எடுத்தார்!

நம்ம ஊர்த் தீவு

'தீவு'ன்னு பேரே வெச்சுக்கிட்டு நம்ம ஏரியாவுல ஒரு இடம் இருக்குன்னு தெரியுமா? குவிபிள் ஐலண்ட்! சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடல்ல கலக்கிற கழிமுகத்துல இருக்கு. இப்போ ரோடும் கட்டடமுமா இருக்கிறதால, தீவுக்குள்ள வந்துட்டதே தெரியாம வந்துடுவீங்க. இங்கே பெரிய கல்லறைத் தோட்டம் ஒண்ணு உண்டு. மால்டாவோட மூணாவது தீவான கொமினோவுல நிரந்தரமா குடியிருக்கிறவங்களைக் கைவிரல்ல எண்ணிடலாம். ஆனா அங்கே இருக்கிற நீலக் கடல் மடுவைப் பார்க்கக் கூட்டம் அலைமோதி, 2025 மே மாசத்திலிருந்து முன்பதிவு செஞ்சாத்தான் அனுமதின்னு ஆயிடுச்சு. குவிபிள் தீவுல அன்னிக்கு நான் ஒருத்தன்தான் டூரிஸ்ட். பூவோட வந்திருந்த ஒரு பாட்டி, ''யாரைப் பார்க்க வந்தே?''ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை. மெதுவா வெளியே வந்துட்டேன்.

உடைஞ்ச பாலமும் பன்னிரண்டு மணி பீரங்கியும்

திரும்பவும் பஸ். திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போது இடது பக்கம் பாருங்க... ஆத்தோரமா அடர்ந்து தெரியற தோப்பு பிரம்மஞான சபையோடது. 1882-லிருந்து அவங்க தலைமையகம் அடையாறுதான். உள்ளே இருக்கிற புகழ்பெற்ற ஆலமரத்தோட நடு மரம் 1989-ல் புயல்ல விழுந்துடுச்சு. விழுதுகள்தான் இன்னிக்கு மரமா நிக்குது.

பெசன்ட் நகர்ல இறங்கி, ஊரூர் குப்பம் தாண்டி மணல்ல நடந்தா, 'ப்ரோக்கன் பிரிட்ஜ்'! சினிமாவுல ஹீரோ அடி வாங்குற இடமா நமக்கெல்லாம் பழக்கமான பாலம். 1967-ல் மீனவ மக்கள் ஆத்தைக் கடக்கக் கட்டினது. 1977-ல் வெள்ளம் ஒரு பகுதியை இழுத்துட்டுப் போச்சு. அன்னிலேர்ந்து பாதிப் பாலம் தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

நாலு இருபத்தஞ்சுக்கு அக்கா கூப்பிட்டா. ''கட் பண்ணாத, அஞ்சு நிமிஷம் இரு.'' அவ நின்னது அப்பர் பராக்காங்கிற தோட்டத்துல. கீழே பீரங்கி வரிசை, அதுக்கும் கீழே பெரிய துறைமுகம். அங்கே மதியம் பன்னிரண்டு ஆகப்போகுது. டமார்! தினமும் பன்னிரண்டு மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பாங்க. கப்பல்காரங்க கடிகாரத்தைச் சரிபார்க்க ஆரம்பிச்ச வழக்கம். ஸ்பீக்கர்ல வந்த சத்தத்துக்கு, பாலத்துல நண்டு பிடிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பசங்க திரும்பிப் பார்த்தாங்க.

நான் உடைஞ்ச முனையைக் காட்டினேன். அக்கா நடந்து போய் வேற ஒண்ணைக் காட்டினா. பெரிய பெரிய தூண்கள், மேலே கூரை இல்லை. அது 1866-ல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ். ரெண்டாம் உலகப் போர்ல, 1942-ல் குண்டு விழுந்து நொறுங்கிடுச்சு. அந்த வருஷம்தான் மொத்தத் தீவோட துணிச்சலுக்காக பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் கிராஸ் விருது குடுத்தார். இடிபாடு எழுபது வருஷம் அப்படியே கிடந்துச்சு. 2013-ல் இடிஞ்ச தூண்களை மாத்தாம, நடுவுல நாற்காலி போட்டு, திறந்தவெளி அரங்கமா ஆக்கினார் ரென்ஸோ பியானோங்கிற ஆர்கிடெக்ட்.

''உடைஞ்சதை ஒட்ட வைக்கலை. மறைக்கவும் இல்லை. நல்லா இருக்குல்ல?'' என்றாள். அப்புறம், ''பாலம் போதும்டா. கேமராவை வடக்கே திருப்பேன்'' என்றாள்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் பட்டினப்பாக்கம். தூரத்துல கலங்கரை விளக்கம். அது செயல்பட ஆரம்பிச்சது 1977-ல். பாலம் உடைஞ்ச அதே வருஷம்!

''அந்தக் கரையிலதான் அப்பா எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தார். மணல்ல விழுந்தா அடி படாதுன்னு.'' கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அலை சத்தம் மட்டும். எந்தப் பக்கத்து அலைன்னு தெரியலை.

கணக்கு வழக்கு!

* என் செலவு: மீனைக் கழிச்சா 160 ரூபாய். மீன் பெரியம்மா கணக்கு.
* அக்கா செலவு: ஃபெர்ரி, ரெண்டு பஸ்டிட்ஸி (உள்ளே சீஸ் அல்லது பட்டாணி வெச்ச, நம்ம பஃப்ஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி!), கண்ணாடி டம்ளர்ல டீ. எல்லாம் பத்து யூரோவுக்குள்ள. அங்கேயும் டீக்கடைகள்ல டம்ளர் டீ உண்டு மக்கா!
* நான் கத்துக்கிட்ட மால்டா மொழி: 'இல்மா'ன்னா தண்ணி, 'ஹொப்ஸ்'னா ரொட்டி. ரெண்டும் அரபி வழி. 'கிராட்ஸி'ன்னா நன்றி. இது இத்தாலி வழி. வந்தவங்க, போனவங்க எல்லாரும் வார்த்தையை விட்டுட்டுப் போயிருக்காங்க, நம்ம சாவி, ஜன்னல் மாதிரியே.
* நீங்க போறதா இருந்தா: கல்லறைத் தோட்டம், கோயில், சர்ச்... எங்கேயும் சத்தம் போடாதீங்க. முகத்துவாரத்துல தண்ணியில இறங்கவே இறங்காதீங்க, இழுப்பு அதிகம். இருட்டறதுக்குள்ள பாலத்தை விட்டுக் கிளம்பிடுங்க. மார்க்கெட்ல கேமராவுக்கு முன்னாடி வாயைத் திறங்க.

கடைசி டிப்ஸ் ஏன்னா... மால்டாவுல குடியிருக்கிறது 5 லட்சத்துச் சொச்சம் பேர். 2024-ல் மட்டும் வந்த டூரிஸ்ட்டுகள் 35 லட்சத்துக்கும் மேல! அவங்க எடுத்த எந்த போட்டோவுலயாவது பின்னாடி பஸ்ஸுக்கு ஓடுற ஒரு மந்தைவெளி நர்ஸ் இருந்திருப்பா. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. நானும்தான் காலையில மீனை எடுத்தேன், அந்த அம்மாவை எடுக்கலை. 'வாங்க வந்தியா, போட்டோ எடுக்க வந்தியா'ங்கிறது ரொம்ப சரியான கேள்வி பாஸ்.

அதே சமயம், இருபது வருஷம் ஒரே ஊர்ல இருந்துட்டு லஸ் சர்ச்சுக்குள்ள போகாத நானும், ரெண்டு வருஷம் பத்து நிமிஷ ஃபெர்ரி ஏறாத அக்காவும் ஒரே கேஸ்தான். குடியிருக்கிறவனுக்குப் பார்க்க நேரமில்லை, பார்க்க வர்றவனுக்குக் கேட்க நேரமில்லை. ஒரு நாளாவது ரெண்டையும் சேர்த்துச் செஞ்சு பார்த்தா என்னன்னுதான் தோணுச்சு.

ராத்திரி பத்து மணி. பெரியம்மா, பெரியப்பா, நான், எல்லாரும் ஒரே மொபைல் முன்னாடி. வலெட்டா தெருவுல பேண்டு வாத்தியம். புனித பவுல் சிலையைத் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. ரெண்டு பக்கமும் மரப் பால்கனியிலேர்ந்து வெள்ளைக் காகிதத் துண்டுகளை அள்ளி அள்ளிக் கொட்டறாங்க. தெருவே தெரியலை. நடுவுல அக்கா. தலை, ஸ்வெட்டர் எல்லாம் காகிதம். ''ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான்மா இந்த ஊரைப் பார்த்தேன்''னு கத்தறா.

பெரியப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பெரியம்மா மட்டும் ஸ்க்ரீனையே உத்துப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க:

''ஏண்டி... இவ்வளவு பேப்பரையும் நாளைக்கு யாரு பெருக்குவா?''

உலகத்துல எந்த டூரிஸ்ட் கைடுலயும் இல்லாத கேள்வி! அக்கா சிரிச்சுட்டா. ''நாளைக்குக் காலையில டூட்டிக்குப் போற வழியில பார்த்துட்டுச் சொல்றேம்மா.''

சொல்லுவா. நீங்க எப்போ பஸ் ஏறப் போறீங்க?